ஏலம் போகாத கோழி

திருவிழாவின் மறுநாள் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது நமது கடற்கரைப் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். வாழைத்தார், தேங்காய், ஆட்டுக்குட்டி, சேவல் என்று மக்கள் நேர்ந்துகொண்டு செலுத்தியவை ஒவ்வொன்றாக மேடைக்கு வரும். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்படி ஓர் ஏலத்தின்போது, ஒலிபெருக்கியைக் கையில் பிடித்திருந்த நம்மிடம் உபதேசியார் ஒரு சிறு கோழியை நீட்டினார். உள்ளங்கை இரண்டைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். கால்களில் இறகு, கொண்டையோ கிள்ளி வைத்தது போல் சிறியது. "இது கோழியா, குருவியா?" என்று நாம் கேட்டோம். கூட்டம் சிரித்தது. ஐம்பது ரூபாயில் தொடங்கியும் கேட்பாரில்லை. ஒரு குழம்புக்கும் காணாத பறவைக்கு யார் விலை சொல்வார்கள்? இறுதியில் நாமே நூறு ரூபாயைக் காணிக்கைத் தட்டில் இட்டு, அதைப் பங்கு இல்லத்திற்கு எடுத்து வந்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றியே இன்று எழுத நினைக்கிறோம்.

வந்தது பேன்டம் கோழி. சாவா தீவின் மேற்கே, மிளகு வாணிகத்தால் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த பாந்தன் என்னும் துறைமுகத்தின் பெயரே இதற்கு வந்ததென்பர். அங்கே நங்கூரமிட்ட ஐரோப்பிய மாலுமிகள் கண்ட சிறு கோழிகளுக்கு அவ்வூர்ப் பெயரை வைத்தனர். பின்னர் எந்த நாட்டுக் குள்ளக் கோழிக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. பெரும்பாலானவற்றின் எடை ஒரு கிலோவைத் தாண்டாது. முட்டையும் சிறிது. ஆனால் அடைகாப்பதிலும் குஞ்சு பேணுவதிலும் இவற்றுள் பல பெரிய கோழிகளை விஞ்சிவிடும். நம் தமிழ்நாட்டுச் சிறுவிடைக் கோழியை வளர்த்தவர்களுக்கு இக்குணம் புதிதன்று.

பங்கு இல்லத்தின் ஒழுங்கை அது மூன்றே நாளில் மாற்றியமைத்தது. காலைத் திருப்பலி முடிந்து திரும்பும்போது வாயிற்படியில் காத்திருக்கும். நாம் நாற்காலியில் அமர்ந்தால் முதலில் காலணியின் மேல் ஏறும். பிறகு மடிக்கு வரும். கழுத்தின் பின்புறம் மெல்லத் தடவினால் கண்ணை மூடிக்கொள்ளும். கண்ணிமை கீழிருந்து மேலாக மூடுவதை ஐம்பது வயதுக்குப் பின்னரே நாம் கவனித்தோம். எத்தனை கோழிகளைத் தட்டில் கண்டிருக்கிறோம். ஒன்றின் கண் மூடுவதையாவது கண்டிருக்கிறோமா?

இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலையில், உப்பளத்தில் வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் வாசலில் வந்து நின்றார். நம்மை அழைக்கவில்லை. "குட்டிம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தார். மடியில் உறங்கிக்கொண்டிருந்த கோழி நம்மை உதறிவிட்டு, இறக்கையை விரித்தபடி ஓடியது. அவர் குனிந்து அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அப்போதுதான் செய்தி தெரிந்தது. சென்னையில் வேலை பார்க்கும் பேரன், தனியாக இருக்கும் பாட்டிக்குத் துணையாகட்டும் என்று, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு சோடி வாங்கி வந்திருக்கிறான். சேவலைக் கீரி கொண்டுபோயிற்று. மிஞ்சிய பெட்டைதான் அவருக்குப் பேச்சுத் துணை. பேரன் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது, தம்மிடம் இருந்தவற்றுள் மிகவும் பிரியமானதை நேர்ந்துகொண்டார். அவன் பிழைத்தான். அவர் சொன்ன சொல்லைக் காத்தார். அந்தப் பொருளை உயர்த்திப் பிடித்துத்தான் நாம் குருவியா என்று கேட்டோம்.

குருமடத்தில் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைப் பற்றி விளக்கவுரைகள் பல படித்தோம். எத்தனை ஞாயிறுகளில் அதைப் பிரசங்கித்தோம் என்பதற்குக் கணக்கில்லை. அவள் வந்து நின்றபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்தப் பறவை மனிதனை அண்டி வந்த வரலாறும் நம்மைச் சற்று நாணச் செய்வதே. தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழியே இதன் முதன்மையான மூதாதை. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், நெல்லும் தினையும் விளைந்த இடங்களை நாடி அது மனிதர் அருகே வந்திருக்கலாம் என்று 2022இல் வெளியான ஆய்வுகள் கூறுகின்றன. ஐரோப்பாவை அடைந்த தொடக்கக் காலத்தில் பல கோழிகள் வெட்டப்படாமல் முழுமையாகப் புதைக்கப்பட்டுள்ளன. பிரித்தானியர் கோழியை உண்ணாமல் மகிழ்ச்சிக்காகவே வளர்த்தனர் என்று சீசரும் குறித்திருக்கிறார். ஆக, கோழி நம்மிடம் முதலில் உறவாக வந்தது. உணவானது பின்னர்தான் போலும். நம் நாட்டுச் சாம்பல்நிறக் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. வீட்டுக் கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோல் அதன் வழி வந்ததென 2008இல் கண்டனர். 18ஆம் நூற்றாண்டில் நமது புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னராவின் பெயரையே அப்பறவை அறிவியலில் தாங்கி நிற்கிறது.

மறு ஆண்டின் தொடக்கத்தில், அண்டை வீட்டுச் சிறுவிடைச் சேவலின் தயவால், குட்டிம்மா அடையில் அமர்ந்தது. ஏறக்குறைய மூன்று வாரம். நாளுக்கு ஒருமுறை மட்டுமே எழுந்து, அவசரமாகத் தின்று, மண்ணில் புரண்டு மீண்டும் அமரும். ஆறு குஞ்சுகள் பொரித்தன. உப்பளத்திற்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாய் நமது தோட்ட வேலிக்கு அப்பால் ஓடுகிறது. கோடை வெயிலில் கிண்ணத்துத் தண்ணீர் வற்றியதை நாம் கவனிக்கவில்லை. இரண்டு குஞ்சுகள் அந்த உவர்நீரைக் குடித்து மாண்டன. கழுவெளியில் வந்து நிற்கும் பூநாரைக்கு மிகுதியான உப்பை வெளியேற்றத் தலையில் தனிச் சுரப்பி உண்டு. கோழிக்கு அது பயன்படும் அளவில் இல்லை. குஞ்சின் சிறுநீரகம் அந்த உப்பைத் தாங்காது என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் வைத்திருந்தால் போதும். எஞ்சிய நான்குக்கும் வெள்ளைக் கழிச்சல் வராதிருக்க, ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்திட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசியும் போட்டோம். அன்பு என்பது மடியில் வைத்துத் தடவுவது மட்டுமன்று, கிண்ணத்தைப் பார்ப்பதும்தான். இதைக் கற்க இரண்டு உயிர்கள் விலையாயின.

தம் பிள்ளைகளைக் கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்ப்பதுபோலச் சேர்க்க விரும்பியதாக ஆண்டவர் எருசலேமை நோக்கி வருந்திய இடத்தை நாம் அறிவோம். கழுகையோ சிங்கத்தையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஒலிவ மலைச் சரிவில், 1955இல் கட்டி முடிக்கப்பட்ட ஆண்டவர் அழுத ஆலயத்தின் பீடத்து முகப்பில் இன்றும் ஒரு கோழி சிறகை விரித்து நிற்கிறது. குஞ்சுகள் உடன் இல்லாதபோதும் தாய்க்கோழியைக் கண்டவுடன் தாயென அறியலாம், அந்த அளவுக்கு அது தன் பிள்ளைகளுக்காக இளைத்துப்போகும் என்று தூய அகுஸ்தீனார் எண்ணிப் பார்த்திருக்கிறார். அடையிலிருந்து எழுந்த குட்டிம்மாவின் நெஞ்செலும்பைத் தடவியபோது அந்த ஆயர் கோழி வளர்த்திருப்பார் என்றே தோன்றியது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மாலையிலேயே தாழ்வான தெருக்களின் மக்கள் கோயிலுக்குள் வந்துவிட்டனர். குட்டிம்மாவுக்கு அப்போது இரண்டாம் ஈடாக ஐந்து குஞ்சுகள். கூடையோடு எடுத்து வந்து திருப்பொருள் அறையில் வைத்தோம். மூதாட்டி கூடையின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். மின்சாரம் இல்லை; ஓடுகள் பறக்கும் ஓசை. மெழுகுத்திரி வெளிச்சத்தில் அந்தச் சிறு உடல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகன்று கிடந்தது. விடியலில் அவர் மெல்லக் கையை உள்ளே விட்டு எண்ணினார். ஐந்தும் இருந்தன.

அன்றிரவுதான், ஓராண்டுக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததை அவரிடம் சொன்னோம். "ஆயா, ஏலத்தன்னிக்கு நான் சிரிச்சதுக்கு என்னை மன்னிச்சிடுங்க" என்றோம்.

அவர் வியப்போடு பார்த்தார். "அதுக்கா சாமி? யாரும் வெல கேக்கக் கூடாதுன்னு தானே நான் கூட்டத்துல நின்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். வாங்கினா அறுத்துடுவாங்களே. நீங்க சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தரும் கேக்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, சாமி என் சத்தத்தக் கேட்டுட்டாருன்னு."

நாம் விடை சொல்லவில்லை. நமது குற்றம் அதனால் குறைந்துவிடவில்லை. ஆயினும் அதையும் வைத்து ஒருவர் தம் வேலையைச் செய்திருந்தார்.

புயலுக்குப் பின் உப்பளப் பாத்திகள் யாவும் நீருக்குள் கிடந்தன. குவித்து வைத்த உப்பும் கரைந்து போயிற்று. தலையில் கூடை சுமந்து பிழைப்போருக்குப் பல வாரம் வேலையில்லை. குட்டிம்மாவைத் திரும்ப எடுத்துச் செல்லும்படி அவரிடம் கூறினோம். துணையாகவும் இருக்கும், முட்டையும் கிடைக்கும்.

"வேணாம் சாமி. கொடுத்ததத் திரும்ப வாங்கக் கூடாது. வேணும்னா ரெண்டு குஞ்சு கொடுங்க. அது எனக்கு நீங்க கொடுத்ததா இருக்கட்டும்."

இரண்டு குஞ்சுகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு, சேறு படிந்த வரப்பின் வழியே அவர் நடந்து போனார். உடன் ஒரு மண்சட்டியும் கொடுத்தனுப்பினோம், தண்ணீர் வைக்க. இவ்வாண்டு ஏலத்திலும் ஒலிபெருக்கி நம் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு பொருளையும் உயர்த்துமுன், கொண்டுவந்தவர் யார் என்று உபதேசியாரிடம் மெல்லக் கேட்டுக்கொண்டோம்.