பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி

ஒரு தோட்டத்தில் ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அங்கே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டு மலாயாத் தொழிலாளர் சட்டம் சொன்னது. துரைமார்கள் அதைப் பெரிய செலவில்லாமல் நிறைவேற்றினார்கள். ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ வாத்தியார். பள்ளி என்று ஒன்று இருந்தால் குடும்பத்தோடு வந்தவர்கள் ஊர் திரும்பும் யோசனையைத் தள்ளிப்போடுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல.

இப்படிப் பிறந்த கொட்டகைகளில் ஒன்றில்தான் நான் படித்தேன். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், ரப்பர் பால் ஸ்டோருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே இருந்தது. இடுப்பளவு பலகைச் சுவர், மேலே கம்பிவலை, தகரக் கூரை. ஒரே நீள அறையில் மூன்று வகுப்பு. வகுப்புக்கு வகுப்பு நடுவில் கரும்பலகைதான் சுவர். மூன்றாம் வகுப்பில் இருந்தபடியே ஐந்தாம் வகுப்பு வரலாற்றைப் படித்துவிட்டவர்கள் எங்களில் பலர். பேராக்கில் மழைக்காலம் என்றால் பிற்பகல் தவறாமல் பெய்யும். தகரத்தில் மழை விழ ஆரம்பித்ததும் வாத்தியாரின் வாய் அசையும், குரல் வராது. அவரும் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எங்களோடு மழையைப் பார்ப்பார்.

ஸ்டோரில் பால் எடை போடும் நேரம் எங்களுக்கு இடைவேளை நேரம். அம்மா வாளியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். ஆசிட்டும் புளித்த ரப்பர் பாலும் கலந்த வாடை காற்றில் வரும். அந்த வாடையோடுதான் வாய்பாடு எங்களுக்கு மனப்பாடமானது. வாத்தியார் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். வீட்டுப்பாடம் செய்யாதவன் மாலையில் பந்து விளையாட முடியாது. அவர் திண்ணையைக் கடந்துதான் திடலுக்குப் போக வேண்டும். எனக்கு இப்போதும் ஏக்கம் தருவது அந்தக் கட்டடமல்ல. அம்மா வேலை செய்யும் இடம், நான் படிக்கும் இடம், சாமி கும்பிடும் இடம், மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்ததுதான்.

கக்கூசைப் பற்றி ஒரு வரி எழுதாமல் தோட்டத்து நினைவுகளை எழுதுகிறவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. லயத்தின் கடைசியில், சரிவு இறங்கும் பக்கம், வரிசையாகப் பொதுக் கக்கூசுகள். பெண்கள் விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டியவர்கள். அதற்கும் முன்னே எழுந்து இரண்டு மூன்று பேராக டார்ச் லைட்டோடு இறங்குவார்கள். கதவுக்குக் கொண்டி நிற்காது. ஒருத்தி உள்ளே இருக்க, இன்னொருத்தி வெளியே நின்று ஆள் வரவில்லை என்பதற்கு அடையாளமாக ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கென்று இருந்தது இரண்டே கதவு, ஒன்று எப்போதும் அடைத்துக் கிடக்கும். நாங்கள் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஓடுவோம். செருப்பில்லாத காலில் கொக்கிப்புழு ஏறும். சோகை பிடித்து வெளுத்த பிள்ளைகளை, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர், ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிறுத்தி மருந்து ஊற்றுவார். அடுத்த வாரம் அதே மரத்தடிக்கு அதே காலோடு போவோம். என் அக்கா வயசுக்கு வந்ததோடு பள்ளி நின்றது. வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். அந்த இரண்டு கதவும் ஒரு காரணம்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கக்கூஸ் வாளிகளை எடுத்துச் சுத்தம் செய்தவரின் வீடு எல்லா லயங்களுக்கும் அப்பால் தனியாக இருந்தது. அவருடைய மகன் என் வகுப்பில், என் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தான். மாலையில் என் வீட்டுத் திண்ணையில் உட்காரமாட்டான். உட்காரக் கூடாது என்று யாரும் அவனிடம் சொன்னதாக நினைவில்லை, சொல்லாமலே தெரிந்திருந்தது. கடல் கடந்து வந்த மூட்டைகளில் எதையெல்லாம் நம் முன்னோர் மறக்காமல் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று யோசித்தால் சில சமயம் எரிச்சலாக இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இடம்பெயர்வது புதிதல்ல. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிப் போனார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் காட்டிலேயே இறந்துபோனார்கள். 1945-க்குப் பிறகு திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, கொட்டகைப் பள்ளிகளில் மறுபடி அரிச்சுவடி தொடங்கியது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து உண்மையான திரும்புதல். மூன்று வருடம்கூட நிம்மதியில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்டத்தில் துரை வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே இன்னொரு தோட்டத்தில் இரண்டு வெள்ளைக்காரர்களும் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது சிதறிக் கிடந்த லயங்களைப் பெயர்த்து ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். அப்பா சொல்வார், பால்வெட்டுக்குப் போகும்போது மத்தியானச் சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடாமல் சோதித்தார்களாம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று.

பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்திலேயே தோட்டம் வாங்க முடியும் என்று காட்டினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கப்பட்டது. 1954-இல் அவர் முயற்சியால் எழுந்து, விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலை சுங்கை சிப்புட்டில் இன்றும் நடக்கிறது. எங்கள் தோட்டத்தை வாங்க யாரும் வரவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பினாங்குக்குப் போய் இந்தியாவுக்கு ராஜுலா கப்பல் ஏறினார்கள். எங்கள் வகுப்பிலேயே பெஞ்சுகள் காலியாகின. அது பள்ளி விடுமுறை மாதிரி என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கடைசி இடப்பெயர்வுக்குத் துப்பாக்கியும் முள்வேலியும் தேவைப்படவில்லை. ஒரு கடிதம் போதுமாக இருந்தது. ரப்பர் விலை விழுந்தது, செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அந்த ஆளும் வெளிநாட்டிலிருந்து மலிவாகக் கிடைத்தார். 1980-ஆம் ஆண்டின் விதிப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் கூலி வீதம் இழப்பீடு கொடுக்க வேண்டும். முப்பது வருடம் மரம் சீவிய அப்பாவுக்கு 600 நாள் கூலி கிடைத்தது. கையெழுத்துப் போட்ட அன்றே வீடும் போனது. லய வீடு வேலையோடு ஒட்டியது. சிலர் சுங்கை சிப்புட் டவுனுக்கு, சிலர் ஈப்போவில் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும், துணிந்தவர்கள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். லோரியில் அலமாரியோடு கோழிக்கூண்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோழி வளர்க்க இடமில்லாத நாலாவது மாடி அடுக்குவீடு என்பது போன பிறகுதான் தெரிந்தது.

பள்ளி என்ன ஆனது? நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், ஆகையால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. வாத்தியார் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. கூரை ஒழுகினால், கக்கூஸ் அடைத்தால் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உண்டியல் குலுக்க வேண்டும். குலுக்க ஆளிருந்தவரை குலுக்கினார்கள். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது 530-ஐ எட்டவில்லை. இந்தக் குறைவு எல்லாம் இழப்பு என்று சொல்ல மாட்டேன். பல சிறு கொட்டகைகள் ஒன்றாகச் சேர்ந்து உருப்படியான கட்டடமானதும் உண்டு. புதிய தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் கிடைப்பது அரிது என்பதால், காலியான தோட்டத்தின் உரிமத்தை எடுத்துக்கொண்டு மக்கள் குடியேறிய இடத்துக்குப் பள்ளியை நகர்த்துவது வழக்கமானது. சில இடங்களில் தோட்டமே நகரமானது. சிலாங்கூரில் எபிங்ஹாம் தோட்டத்துப் பள்ளி பண்டார் உத்தாமாவில் நடக்கிறது, சீபீல்ட் தோட்டத்துப் பள்ளி சுபாங் ஜெயாவில். தோட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்று அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒரு மறுபிறப்பு கிடைத்தது, வேறொரு தாமான் குடியிருப்பில். இரண்டு மாடி, கணினி அறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக ஓடு பதித்த கழிவறை. பேத்தியைச் சேர்க்கப் போனபோது நான் முதலில் போய்ப் பார்த்தது அந்தக் கழிவறையைத்தான். கொண்டி இருந்தது. தண்ணீரும் வந்தது. அக்காவைப் பற்றி நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வெளியே வந்தபோது காவலாளி சந்தேகமாகப் பார்த்தார்.

திரும்புதல் என்றதும் எனக்கு இலங்கை நினைவுக்கு வருகிறது. அங்கே 2009-இல் போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் வன்னிக்குத் திரும்பினார்கள். 2012 செப்டம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. கூரையில்லாத பள்ளிகளில் தறப்பாளின் கீழ் வகுப்பு நடந்தது. வகுப்பறையையும் கழிப்பறையையும் கிணற்றையும் எண்ணி எண்ணிக் கட்டினார்கள். பள்ளியும் கழிப்பறையும் இல்லாமல் ஒரு சனம் திரும்பிக் குடியிருக்க முடியாது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் பட்டதோடு எங்கள் பாட்டை ஒப்பிடுவது அநியாயம். ஆனாலும் அவர்கள் திரும்பிய படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு பொறாமை வந்தது. அவர்களுக்குத் திரும்பிப் போக அவர்களுடைய ஊர் என்று ஒன்று இருந்தது. நாங்கள் மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணில் எங்களுக்கு ஒரு அடிகூட எழுதிக் கொடுக்கப்படவில்லை.

நாங்களும் திரும்புகிறோம், வருடத்துக்கு மூன்று நாள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே மிஞ்சியிருக்கிறது. திருவிழாவுக்குச் சிங்கப்பூரிலிருந்துகூட கார் வருகிறது. பள்ளியின் சிமெண்டுத் தரையும் இரண்டு படியும் ஒரு பக்கச் சுவரும் இன்னும் இருக்கின்றன. அந்தத் தரையில்தான் தார்ப்பாய் கட்டி அன்னதானம் சமைக்கிறார்கள், இரவில் பாய் விரிக்கிறார்கள். ஆனால் கக்கூஸ் இல்லை. ஐந்நூறு பேர் வந்து தங்கும் இடத்தில் வாடகைக்கு எடுத்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். முதல் நாள் மாலைக்குள் அவை பயன்படாது. கிழவிகள் பழையபடி டார்ச் லைட்டோடு செம்பனைக்குள் போகிறார்கள்.

ஆகவே இந்த வருடக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இதைத்தான் பேசினோம். கோயில் எல்லைக்குள் செப்டிக் டாங்கி, தண்ணீர்த் தொட்டி, கழிவறை வரிசை. நான் இடையில் புகுந்து, அந்தப் பள்ளித் தரைக்கு மேல் ஒரு கூரையும் போட்டால் என்ன, திருவிழா நாளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாமே, கரும்பலகை என் செலவு என்றேன். புந்தோங்கிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, என்னோடு படித்த ஒருவரின் மூத்த சகோதரி, என்னை முடிக்கவிடவில்லை.

“மூணு நாளுக்கு வர்ற புள்ளைங்களுக்கு மொதல்ல கக்கூசக் கட்டு தம்பி. பள்ளிக்கூடத்த அப்பறம் பாப்போம். நாங்க அங்கிட்டு எப்படிப் போயிட்டு வர்றோம்னு ஒனக்கென்ன தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி.

அதற்கு அடுத்த வாரம் ஈப்போ பாசாரில் என் பழைய பெஞ்சுக்காரனைப் பார்த்தேன். அவன் திருவிழாவுக்கு வருவதில்லை. டவுனில் குழாய் வேலை காண்டிராக்ட் எடுக்கிறான், பிள்ளைகள் நன்றாகப் படித்துவிட்டார்கள். கமிட்டி கட்டும் விஷயத்தைச் சொல்லி, நீயும் வந்து பாரேன் என்று கூப்பிட்டேன். தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

“என்னாத்துக்கு? எங்கப்பா வாளி தூக்குன எடத்தப் பாக்கவா?”

நான் பதில் சொல்லவில்லை. அவன் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். “பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டா சொல்லு. அதுக்குன்னா வர்றேன். அங்கதான் ஒங்கூட ஒக்காந்தேன்.”

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். செயலாளர் குறிப்பில் எழுதவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை என்றார். பெண்கள் பக்கம் எட்டு, ஆண்கள் பக்கம் நான்கு, இரண்டுக்கும் நடுவே விளக்குக் கம்பம் என்று முடிவானது. பெண்கள் பக்கம் ஏன் இரண்டு மடங்கு என்று கேட்ட ஒருவரை புந்தோங் அக்கா ஒரு பார்வை பார்த்தார், அவர் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் பணம் சேர வேண்டும். கூரைக்கென்று தனியாக ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கேட்டிருக்கிறேன்.