மாட்டைப் பிடிக்காத ‘மாடுபிடிப்பான்’

நீராவி இரயிலை வரையச் சொன்னால், புகைபோக்கியை மறக்கும் மாணவர்கூட, முன்புறத்தில் கலப்பைபோல் சரிந்து நிற்கும் இரும்புச் சட்டங்களை மறப்பதில்லை. கேலிச்சித்திரப் படங்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது. அமெரிக்கர் அதனைக் ‘கவ்கேச்சர்’ என்றனர். தமிழில் ‘மாடுபிடிப்பான்’ எனலாம். ஆனால் அக்கருவி மாட்டைப் பிடிப்பதற்கன்று, தள்ளுவதற்கே.

கணினியின் தந்தை எனப் போற்றப்படும் சார்லஸ் பாபேஜ், 1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல் – மான்செஸ்டர் இருப்புப்பாதைக்காகத் தண்டவாளத் தடைகளை ஒதுக்கும் அமைப்பொன்றைப் பரிந்துரைத்ததாக 1864இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவு நூலில் எழுதியுள்ளார். இங்கிலாந்தில் அதற்குப் பெருந்தேவை எழவில்லை. இருப்புப்பாதை நிறுவனங்கள் பாதையோரம் வேலியிட வேண்டும் என்று அங்கே சட்டமே வந்துவிட்டது.

அமெரிக்காவின் நிலை வேறு. பாதை நீளம், நிலம் திறந்தவெளி, கால்நடைகள் விருப்பம்போல் மேய்ந்தன. 1831இல் இங்கிலாந்திலிருந்து பகுதி பகுதியாக வந்திறங்கிய ‘ஜான் புல்’ இயந்திரத்தைப் பொருத்தியவர் ஐசக் டிரிப்ஸ் என்னும் இளைஞர். அதற்குமுன் இரயில் இயந்திரம் எதையும் அவர் கண்டதில்லையாம்! வளைவுகளில் அது தடம்புரண்டதால், முன்னே இரு சக்கரங்கள் கொண்ட வண்டியொன்றை இணைத்து, மாடுபிடிப்பானையும் அதிலே அமைத்தார். முதலில் வைத்த கூரிய இரும்பு முனைகள் விலங்கைக் குத்திக் கோத்துவிட்டனவாம். பிறகே ஒதுக்கித் தள்ளும் வடிவம் நிலைபெற்றது.

அவ்வடிவத்தின் சூட்சுமம் எளிது. நுனி தண்டவாளத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும். நடுவில் கூர்ந்து இருபுறமும் பின்னோக்கி விரியும். மோதிய உடல் சக்கரத்தின் கீழ்ச் சிக்காமல் பக்கவாட்டில் வழுக்கி விழும். ‘ஜான் புல்’லின் எடை ஏறத்தாழ 10 டன்தான். அத்தகைய இயந்திரத்தின் அடியில் ஒரு மாடு அகப்பட்டால், தடம்புரண்டு பயணிகளின் உயிரும் போகக்கூடும்.

இதனை நான் வகுப்பில் விளக்கியபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “அப்படியென்றால் மாடு பிழைத்துக்கொள்ளுமா, டீச்சர்?” என்று கேட்டாள். பெரும்பாலும் பிழைக்காது என்றேன். வகுப்பு அமைதியானது. பத்து வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாமா எனச் சில பெற்றோர் வருந்தக்கூடும். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வேலி மாட்டையும் காக்கும், இரயிலையும் காக்கும். ஆனால் செலவு மிகுதி. மாடுபிடிப்பான் இரயிலை மட்டுமே காக்கும், செலவு குறைவு. எது யாரைக் காக்கிறது என்பதைப் பெயரை வைத்து முடிவுசெய்ய முடியாதல்லவா?

(இன்னொரு வியப்பு: 1886இல் கனடியப் பிரதமரின் மனைவி ஆக்னஸ் மெக்டொனால்டு, ராக்கி மலைத்தொடரை மாடுபிடிப்பானின்மேல் அமர்ந்தே கடந்தார்!)

‘ஜான் புல்’ 1981இல், தன் 150ஆம் ஆண்டில், மீண்டும் நீராவியில் ஓட்டிக் காட்டப்பட்டது. இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அடுத்த வாரம் அதன் படத்தை வகுப்பில் காட்டி, இக்கருவிக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயரை மாணவர்களையே சூட்டச் சொல்லப் போகிறேன். அந்த மாணவி இப்போதே ஒன்றை எழுதி வைத்திருக்கிறாள்: ‘இரயில் காப்பான்’.