கோடி ஃப்ரேம் வரை நான் நடக்கவில்லை

திண்டுக்கல் மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் நான் ஸ்பின்னிங் மாஸ்டர். ஃப்ரேமில் அறுந்த நூலைச் சேர்க்கும் தொழிலாளி ஒருவர், எங்கள் பேச்சில் சைடர்; தப்பே செய்யாத அவருடைய ஊக்கத்தொகையைப் பிடித்தம் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை என்று தெரிந்துகொள்ள, கூடத்தின் கடைசி வரை நடந்து போய்ச் சற்று நேரம் நின்றிருந்தால் போதும். நான் போகவில்லை. கையில் ஃபோன் இருந்தது.

அந்த ஃபோனுக்குத் தகவல் அனுப்பும் கருவிகளை ஆலைக்குள் கொண்டுவந்ததும் நான்தான். அதற்காக வருத்தப்படவில்லை. எங்கள் தொழிலில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம். 2012-இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது டீசல் ஊற்றி ஜெனரேட்டரில் ஆலையை ஓட்டினோம். எந்த மெஷின் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டிய கட்டாயம் அப்போது வந்தது. மீட்டர் மாட்டினோம். எலெக்ட்ரீஷியன் ஷிஃப்டுக்கு ஒருமுறை நோட்டில் குறித்தார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, அதே மீட்டரோடு சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டியை இணைத்தோம். ரீடிங் ஃபோனுக்கே வந்தது. ஆலை ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சாரம், அதாவது மேக்ஸிமம் டிமாண்ட், எல்லையைத் தாண்டப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்தால் ஏதாவது ஒரு லோடைச் சற்று நிறுத்தி வைக்கலாம். ஏர் லைனில் கசிவு இருந்தால், எல்லா மெஷினும் நின்ற விடுமுறை நாளிலும் கம்ப்ரஸர் ஓடுவது திரையில் தெரிந்துவிடும். இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்த முதலாளி அடுத்த கருவிக்குத் தயங்கமாட்டார். கரண்ட் பில், ஆள் பற்றாக்குறை, வெளியூரில் இருக்கும்போது ஆலை ஓடுகிறதா என்ற கவலை: இவை மூன்றும்தான் ஆலை ஆலையாக இந்தக் கருவிகளைப் பரப்பின.

ஆள் பற்றாக்குறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நூல் நூற்கும் நீள ரிங் ஃப்ரேம் ஒன்றில் 1,600 ஸ்பிண்டிலுக்கு மேல் இருக்கும். அறுந்த நூலைத் தேடிச் சைடர் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நடையில் பெரும்பகுதி, ஒழுங்காக ஓடும் ஸ்பிண்டில்களைப் பார்ப்பதிலேயே கழியும். அதற்குள் அறுந்த இடத்தில் நூலாக வேண்டிய பஞ்சு நியூமாஃபில் என்ற உறிஞ்சு குழாய்க்குள் போய்க் கழிவாகும். ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஒரு சென்சார் வைத்தால், நூலைத் தாங்கிச் சுற்றும் சின்ன வளையமான டிராவலர் ஓடுகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். சுற்று நின்றால் அங்கே விளக்கு எரியும். ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்து ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றினாலும் காட்டிவிடும். அப்படிச் சுற்றும் ஸ்பிண்டிலில் முறுக்குக் குறைந்த நூல் வரும், அதை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது. உள்ளூர்ப் பிள்ளைகள் ஆலை வேலைக்கு வருவது குறைந்து, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களை வரவழைக்கும் காலத்தில், விளக்கு எரியும் இடத்துக்கு மட்டும் போனால் போதும் என்பது பெரிய உதவி. இதைச் சொல்லித்தான் முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். தொழிலாளர்களிடமும் சொன்னேன், உங்கள் கால்வலி குறையும் என்று. அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

சாஃப்ட்வேர் போட வந்த இன்ஜினீயர், அறிக்கையில் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். ஃப்ரேம் எண், ஷிஃப்ட், எத்தனை அறுதல், அறுந்த ஸ்பிண்டில் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று சொல்லிக்கொண்டே வந்து, சைடர் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். அதை வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சென்சார் வருவதற்கு முன் நூல் அறுதலை ஆய்வு செய்ய ஒரு ஆள் ஃப்ரேம் பக்கத்திலேயே நிற்பார். ஒவ்வொரு நூலும் ஏன் அறுந்தது என்று பார்த்துக் குறிப்பார். ரோலரில் பஞ்சு சுற்றியதா, டிராவலர் தேய்ந்துவிட்டதா, ஃப்ரேமுக்கு வரும் ரோவிங் இழையிலேயே கோளாறா, ஸ்பிண்டில் ஆடுகிறதா? ட்ரெயினியாக இருந்தபோது இப்படி நின்று நின்றுதான் நான் தொழில் கற்றேன். சென்சார், எங்கே எப்போது அறுந்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. எண்ணிக்கைதான் தானாக வருகிறதே என்று அந்த ஆய்வை நிறுத்திவிட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பெயர் வந்தது.

பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்துவிடும். ரிங் ஃப்ரேம் கூடத்தில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரை இருக்க வேண்டும்; இறங்கினால் பஞ்சு பறக்கும், ரோலரில் சுற்றும் (லேப்பிங்), நூல் அறும். கூடத்தின் கோடியில் இருந்த ஃப்ரேம்களைப் பார்த்துவந்த சைடர் ஒரு பெண்; அவர் பெயர் நூல் அறுதல் பட்டியலில் தொடர்ந்து முதலில் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

“சார், அந்தக் கோடியில லேப்பிங் விழுந்துகிட்டே இருக்கு. ஒரு தடவ வந்து பாருங்க சார்” என்றார்.

ஃபோனில் பார்த்தேன். கூடத்து ஈரப்பத சென்சார் 58 என்று காட்டியது. “ஈரமெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீதாம்மா லேட்டாப் போற” என்றேன். பிடித்தம் போட்டேன். பட்டியலை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொன்னேன். அடுத்த மாதமும் அதுவே நடந்தது. அவர் வேலையை விட்டுப் போனார்.

அதே ஃப்ரேம்களுக்கு வேறொருவர் வந்தார். அவர் பெயரும் முதலிடத்துக்கு வந்தது. அப்போதுதான், அலமாரியில் கிடந்த பழைய டிரை-வெட் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு கோடி வரை நடந்தேன். ஈரத்துணி சுற்றிய பல்புக்கும் சும்மா இருந்த பல்புக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் 48 சதவீதம். அந்தப் பக்கத்துக்கு ஈரக்காற்றைக் கொண்டுவரும் டக்ட் வாயைப் பஞ்சுத் தூசி அடைத்திருந்தது. ஈரப்பத சென்சாரோ கூடத்தின் இந்த முனையில், ஈரப்பத பிளான்டிலிருந்து ஈரக்காற்று வந்து விழும் இடத்துக்கு நேர் கீழே இருந்தது. கேபிள் மிச்சமாகும் என்று அந்த இடத்துக்குச் சரி சொன்னவன் நான். தன்னைச் சுற்றியிருந்த காற்றை அது சரியாகத்தான் அளந்தது.

கவனக்குறைவு என்று சொல்லி இதிலிருந்து நழுவ எனக்கு மனம் வரவில்லை. கோடி வரை போயிருந்தால் எனக்கு வேலை வந்திருக்கும். டக்ட்டைச் சுத்தம் செய்ய ஃப்ரேம்களை நிறுத்த வேண்டும்; உற்பத்தி ஏன் குறைந்தது என்று முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். பழியைச் சைடர் மேல் போட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் பக்கம் ஒரு எண் இருந்தது, அவர் பக்கம் அவருடைய வாய்வார்த்தை மட்டும் இருந்தது. அந்த எண் எனக்கு வசதியாக இருந்ததால் அதை நம்பினேன். ஷிஃப்ட் முழுக்க அந்தக் காற்றில் நின்ற ஒருவர் சொன்னதைவிட, ஆஃபீஸ் அறையில் உட்கார்ந்து பார்த்த திரையைப் பெரிதாக நினைத்தேன்.

மற்ற ஆலைக்காரர்கள் கேட்டால் இந்தக் கருவிகளை இன்றும் வாங்கச் சொல்கிறேன். கூடவே, ஈரப்பத சென்சாரைக் கூடத்தின் இரண்டு முனையிலும் மாட்டுங்கள், ஃபோனுக்கு வருவதை ஃப்ரேம் பக்கத்தில் நிற்பவர்களும் பார்க்கும்படி ஒரு திரை வையுங்கள் என்கிறேன். எங்கள் அறிக்கையில் பெயரை எடுத்துவிட்டோம். காரணத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஃபிட்டர் நேரில் போய்ப் பார்த்துதான் அதை நிரப்ப வேண்டும்.

பிடித்த தொகையை அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் போடச் செய்தேன். அவருடைய ஃபோன் எண் என்னிடம் இருக்கிறது. ஏன் பிடித்தேன், ஏன் திருப்பித் தந்தேன் என்று அவரிடம் இன்னும் பேசவில்லை. அறிக்கையை மாற்றியதை மாஸ்டரின் யோசனை என்று ஆலையில் எல்லோரும் பாராட்டுகிறார்கள், முதலாளியும்தான். வந்து பார்க்கும்படி முதலில் சொன்னவர் அந்தப் பெண்தான் என்பதை நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.