பெரியம்மாவின் கேள்வி

காசநோயைக் கன்னடத்தில் 'க்ஷய' என்பர். தேய்தல் என்பது அதன் பொருள். தமிழில் காசம் என்றால் இருமல். எலும்புருக்கி நோய் என்பது பழைய தலைமுறையினரின் வழக்கு. மைசூரில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றிய என் பெரியம்மா இப்பெயர்கள் அனைத்தையும் அறிவார். ஆயினும் வீட்டில் பேசும்போது இவற்றுள் எதையும் அவர் சொன்னதில்லை. 'ஆறு மாதக்காரர்' என்றே நோயாளிகளைக் குறிப்பிடுவார். சிகிச்சை ஆறு மாதங்கள் நீடிப்பதால் அவராக வைத்த பெயர் அது. நோயின் பெயர் அண்டை வீட்டார் காதில் விழக் கூடாது என்னும் எச்சரிக்கையும் அதில் இருந்தது.

மைசூருக்கு இந்நோயுடன் உள்ள தொடர்பு பழையது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணாஜம்மணி காசநோயால் மறைந்தார். அவர் பெயரிலேயே கிருஷ்ணராஜசாகர் செல்லும் சாலையில் 1921ஆம் ஆண்டு காசநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அரச குடும்பத்தையும் விட்டுவைக்காத அந்நோயைக் கொல்லும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே சிகிச்சை. ஆகவே அக்காலத்துக் காசநோய் இல்லங்களில் செவிலியரின் பணியே சிகிச்சையின் பெரும்பகுதியாக இருந்தது. காலையிலும் மாலையிலும் காய்ச்சலை அளந்து அட்டையில் கோடு இழுப்பது, எடை ஏறுகிறதா என்று பார்ப்பது, சளியில் இரத்தம் கலந்துள்ளதா என்று கவனிப்பது என அவர்களுடைய நாள் கழியும்.

பின்னர் மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநியசிட் ஆகியவை 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனுக்கு வந்தன. மருந்து இருக்கும்போது மருத்துவமனைப் படுக்கை எதற்கு என்னும் கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடும் ஆய்வு 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பிரிவினர் காசநோய் இல்லத்தில் தங்கி ஓராண்டு மருந்து உண்டனர். மற்றொரு பிரிவினர் நெரிசல் மிகுந்த தம் வீடுகளில் இருந்தபடி அதே மருந்தை உண்டனர். இல்லத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன; வீட்டில் இருந்தவர்களுக்கு அவை அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. எனினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த வழி வகுத்தது.

இவ்வாய்வை மருந்தின் வெற்றியாகவே பலரும் எடுத்துரைப்பர். எனக்கோ அதன் வேறொரு பகுதியே மனத்தில் நிற்கிறது. வீட்டில் இருந்த நோயாளிகளைத் தேடிப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்றனர். மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உடலுக்குள் சென்றதா என்று அறிந்தனர். படுக்கையைத்தான் கைவிட முடிந்தது. கவனிப்பைக் கைவிட முடியவில்லை. நோயாளி மாத்திரையை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்னும் முறை உருவானதில் சென்னை ஆய்வுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பிற்காலத்தில் பல நாடுகள் அதனைப் பின்பற்றின.

பெரியம்மா பணியாற்றிய காலத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி இருக்கும். ஆறு மாத மருந்தும் முதல் நாளே அதில் ஒதுக்கி வைக்கப்படும். முதல் இரண்டு மாதங்கள் வாரம் மூன்று நாள் நோயாளி நேரில் வந்து மாத்திரை உண்ண வேண்டும். அதன்பின் வாரத்தின் முதல் வேளையை மட்டும் செவிலியர் முன் உண்டு, எஞ்சியதை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்; அடுத்த வாரம் வெற்று அட்டையைத் திருப்பித் தர வேண்டும். இடர் தொடங்குவது இங்கேதான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், முகம் தெளியும். நோய் போய்விட்டது என்று மனம் சொல்லும். ஆனால் கிருமிகள் சில எஞ்சியிருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம்.

வீட்டில் ஊதுபத்தி உருட்டி வாழ்ந்த ஓர் இளம்பெண் வாரந்தோறும் வெற்று அட்டைகளைத் தவறாமல் கொண்டுவந்தார். ஆனால் அவருடைய எடை இரண்டு வாரங்களாக ஏறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பெரியம்மா அவர் வீட்டுக்குச் சென்றார்.

"காலையில் மாத்திரை உண்டாயா, அம்மா?"

"உண்டேன், அக்கா."

"சிறுநீர் என்ன நிறத்தில் போனது?"

"எப்போதும் போலத்தான்."

ரிஃபாம்பிசின் என்னும் மருந்து உட்சென்றால் சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாக மாறும். பெரியம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவர் கடிந்துகொள்ளவில்லை. தரையில் அமர்ந்து தாமும் ஒரு பிடி மாவை எடுத்துக் குச்சியில் உருட்டிக்கொண்டே காரணத்தைக் கேட்டார். வெறும் வயிற்றில் மாத்திரை உண்டால் குமட்டல் வருகிறது. படுத்துவிட்டால் அன்றைய எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் கூலி இல்லை. ஏன் படுத்தாய் என்று மாமியார் கேட்டால் சொல்வதற்கு விடையும் இல்லை. கணவரைத் தவிர அவ்வீட்டில் எவரும் நோயை அறியார்.

பெரியம்மா மறுநாளே மருத்துவரிடம் இதைக் கூறினார். சிறிதளவு உணவு உண்டபின் மாத்திரை உண்ணலாம் என மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, கை கால் மரத்துப்போகிறதா என்றும் பார்த்தார். அதன்பின் எல்லா வேளை மருந்தையும் அப்பெண் பெரியம்மாவின் முன்னிலையிலேயே உண்டார். தயங்கிய கணவரிடம் பலமுறை பேசி, குழந்தைகள் இருவரையும் பரிசோதனைக்கு வரச் செய்தார் பெரியம்மா. மரியாதையாகக் கேட்டால் மனிதர் உண்மையைச் சொல்லிவிடுவர் என்று அவர் நம்பினார். எல்லாரிடமும் அது பலிக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, அவரிடம் பலித்தது.

இறுதிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த அன்று, அப்பெண் தம் நோயாளி அட்டையை அடுப்பில் இடப்போவதாகச் சொன்னார். பின்னாளில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும் என்று பெரியம்மா தடுத்தார். வீட்டில் வைத்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று அவர் அஞ்சினார்.

"அப்படியானால் நீங்களே வைத்திருங்கள், அக்கா" என்றாராம்.

அவ்வட்டை இன்றும் பெரியம்மாவின் இரும்புப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.