குனிந்த நடை

பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி மரங்களின் நிழலுக்குள் ஒதுங்கி நிற்கும் ‘ஸ்பேசஸ்’ என்னும் கலைக்கூடத்துக்கு நான் சென்ற மாலையில், அதை உருவாக்கிய நடனக் கலைஞர் சந்திரலேகா காலமாகி ஆண்டுகள் பல சென்றுவிட்டிருந்தன. ஆயினும், அவருடைய முறையில் தேர்ந்த பெண்மணி ஒருவர், இளம்பெண்கள் நால்வரைக் கொட்டகைத் தரையில் நிறுத்தி, ‘ஸ்ரீ’ என்ற படைப்பில் வரும் குனிந்த நடையைக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

முழங்காலை மடக்கி, முதுகெலும்பை வளைத்து, சிரம் தாழ்த்தி, பாதங்களைத் தரையோடு இழுத்துக்கொண்டு அவர்கள் நகர்ந்தார்கள். சலங்கையில்லை, சொற்கட்டில்லை, மூச்சின் சப்தமும் கடலின் இரைச்சலுமே கேட்டன.

“அடவைவிட இது சுலபந்தானே, அம்மா?” என்று கேட்டேன்.

“பத்தடி நடந்து பாருங்க சார். அரைமண்டியிலே தொடைதான் வலிக்கும். இதிலே மூச்சே குறுகிப்போயிடும். குறுகணும். அப்பத்தான் நிமிரும்போது எவ்வளவு இடம் கிடைக்குதுன்னு உடம்புக்குத் தெரியும்.”

நடந்து பார்த்தேன். எதிரே நின்றவர்களின் முகங்கள் மறைந்து, அவர்களுடைய பாதங்கள் மாத்திரமே என் கண்ணுக்குத் தெரிந்தன. தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு உலகம் எந்த உயரத்திலிருந்து காட்டப்பட்டது என்பதை எந்தப் பிரசங்கமும் எனக்கு அவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

1928-ல் மகாராஷ்டிரத்தில் பிறந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகாவின் அரங்கேற்றம், 1952-ல், ராயலசீமையின் வறட்சி நிவாரண நிதிக்காக நிகழ்ந்தது. ‘மதுராநகரிலோ’ பதத்துக்கு அபிநயம் பிடித்து, யமுனையின் நீர்ப்பெருக்கைக் கைகளால் வர்ணித்துக்கொண்டிருந்த அத்தருணத்தில், குடிக்க நீரின்றி வெடித்துக் கிடந்த நிலத்தின் நினைவு அவரைத் தாக்கிற்று. கலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே அன்று அவர் கண்ட பிளவு ஆயுள்முழுதும் அவரை விடவில்லை. பின்னாளில் நீண்ட காலம் மேடையை விட்டு விலகி, சுவரொட்டிகள் வரைந்தார். பெண்கள் இயக்கத்தோடு சேர்ந்து உழைத்தார். 1985-ல் ‘அங்கிகா’ என்ற படைப்போடு மேடைக்குத் திரும்பியபோது, பரதத்தோடு களரிப்பயிற்றையும் யோகத்தையும் இணைத்து, தெய்வக் கதைகளையும் ஆபரணங்களையும் அகற்றி, தேகத்தை மாத்திரமே மேடையில் நிறுத்தினார். சம்பிரதாயவாதிகள் சிலர் மனம் நொந்தனர். வரதட்சிணையையோ வறுமையையோ பாட்டாக்கி அதற்கு முத்திரை பிடிப்பதோடு சமூகக் கடமை தீர்ந்துவிடுவதாக எண்ணும் நடனங்களைப் பார்த்துச் சலித்த எனக்கோ, அவர் தேர்ந்த மார்க்கமே மெய்யானதாகத் தோன்றுகிறது.

இருள் கவிந்தது. மூவர் இடுப்பிலிருந்து கணுக்கணுவாக நிமிர்ந்துவிட்டார்கள். நான்காமவளின் முதுகில் அந்த அம்மாள் உள்ளங்கையை வைத்தார், அழுத்தவுமில்லை, தூக்கவுமில்லை. “மூச்சு வரட்டும், கண்ணு,” என்றார்.