முதல் விண்ணப்பம்

பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞரை மற்றொரு தேர்வு எதிர்நோக்கி நிற்கிறது. அதற்குப் பாடநூல் இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றே உண்டு. வேலை நாடுவோர் அத்தாளில் தம்மைப் பற்றித் தாமே எழுதுதல் வேண்டும். பெயர், பிறந்த நாள், கல்வி என்பன எளிதில் நிரம்பிவிடும். 'முன் அனுபவம்' என்னும் இடத்தில் எழுதுகோல் நின்றுவிடும். வேலை கிடைத்தாலன்றோ அனுபவம் வரும்? அனுபவம் இன்றேல் வேலை தருபவர் யார்? இவ்வாறு மயங்கிச் சிலர் 'இல்லை' என்று எழுதி மனம் குன்றுவர். சிலர் இல்லாததை உள்ளதாக எழுதத் துணிவர். இவ்விரண்டும் அல்லாத நேரிய வழி ஒன்று உண்டு. கணித மேதை இராமானுசன் அவ்வழியே சென்றார்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுசன், குழந்தைப் பருவத்தில் சிறிது காலம் தாய்வழிப் பாட்டனாருடன் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தார். பின்னர்க் கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே ஆழ்ந்து பிற பாடங்களைப் புறக்கணித்தமையால், அவர் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டமோ இல்லை, குடும்பமோ வறியது. 1909இல் திருமணமும் நிகழ்ந்தது. தாம் கணிதம் எழுதிய குறிப்பேடுகளுடன் அவர் வேலை தேடி அலைந்தார். சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் சில வாரங்கள் தற்காலிகமாக இருந்ததன்றி, அலுவலக அனுபவம் என்று கூறத்தக்கது அவரிடம் இல்லை.

இந்நிலையில், 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், சென்னைத் துறைமுக நிறுவனத்தின் தலைமைக் கணக்கருக்கு அவர் ஒரு விண்ணப்பம் விடுத்தார். அது மிகச் சிறிய கடிதம். எழுத்தர் வேலை ஒன்று காலியாக இருப்பதை அறிந்து விண்ணப்பிப்பதாகத் தொடங்கினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், இடையூறுகளால் மேற்படிப்பு நின்றதையும் தெரிவித்தார். அன்று முதல் தம் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதாகக் கூறினார். வேலை கிடைப்பின் அதனைச் செவ்வனே செய்ய இயலும் என்னும் உறுதியையும் உரைத்தார்.

இக்கடிதத்தில் நாம் காண்பன யாவை? படிப்பு தடைப்பட்டதை அவர் மறைக்கவில்லை. அதனை நீட்டிப் புலம்பவும் இல்லை. 'யான் பேரறிஞன்' என்று தம்மைப் புகழ்ந்துகொள்ளவும் இல்லை. தாம் காலத்தை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை ஒரே தொடரில் உரைத்தார். தம் கணிதத் திறமைக்கு மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த நற்சான்றையும் துணையாகச் சேர்த்தார். அவ்வாண்டு மார்ச்சு முதல் நாளில், திங்கள் ஒன்றுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை அவருக்குக் கிடைத்தது.

'அவர் மேதை, அவருக்குச் சொல்லக் கணிதம் இருந்தது, எமக்கு யாது உண்டு?' என்று இளைஞர் வினவக்கூடும். காஞ்சியின் நெசவாளர் இல்லத்தில் வளர்ந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். விடுமுறை நாள்களில் அவள் தார் சுற்றியிருப்பாள்; பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளைத் திரித்து இணைப்பதில் பெற்றோர்க்கு உதவியிருப்பாள்; பட்டும் ஜரிகையும் எவ்வளவு வந்தன, எவ்வளவு செலவாயின என்று கணக்கு எழுதியிருப்பாள். அவளுடைய தோழன் வைகாசிக் கருடசேவை நாளில் தண்ணீர்ப் பந்தலில் நின்று திரளான மக்களுக்கு நீர் வழங்கியிருப்பான். ஊதியம் பெறாமையால் இவை வேலை அல்ல ஆகிவிடுமோ? பொறுமை, கணக்கறிவு, மக்களோடு பழகும் பண்பு ஆகியவற்றை அவர்கள் கற்றது இங்கேதான்.

ஆயின், இவற்றை எழுதும் முறை ஒன்றுண்டு. 'கடின உழைப்பாளி' என்று எவரும் எழுதலாம். 'ஈராண்டுகள் வீட்டுத் தறியின் வரவு செலவுக் கணக்கை எழுதினேன்' என்று, அதனை உண்மையாகவே செய்தவர் மட்டுமே எழுதலாம். முன்னது புகழ்ச்சி, பின்னது செய்தி. வேலை தருவோர் நாடுவது செய்தியையே. அதனை ஒரு பக்கத்திற்குள், பிழையின்றி, எந்த வேலைக்கு எழுதுகிறோமோ அதற்குப் பொருந்துவதை முன்வைத்து எழுதுதல் வேண்டும். தம்மை அறிந்த ஆசிரியர் ஒருவரின் சான்றையும், அவர் இசைவு பெற்று, இணைத்தல் நன்று.

பொய் மட்டும் புகுதல் ஆகாது. பட்டுச் சேலையின் ஜரிகையில் ஐயம் எழுந்தால் அதனைச் சற்றே சுரண்டிப் பார்ப்பர். உள்ளே சிவந்த பட்டிழை தோன்றின் நல்ல ஜரிகை எனக் கொள்வர். நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் வினாக்களும் அத்தகையனவே. இரண்டாம் வினாவிலேயே பொய் வெளிப்பட்டுவிடும். அதன்பின் மெய்யாகச் செய்தனவும் நம்பப்படா.

இராமானுசன் 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் இந்நெறியினின்று விலகவில்லை. தாம் குறைந்த ஊதியம் பெறும் எழுத்தர் என்றும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்றும் தொடக்கத்திலேயே தெரிவித்தார். தாம் கண்ட கணித உண்மைகளை உடன் வைத்தார். அதற்குமுன் வேறு பேராசிரியர்க்கு எழுதியவை பயன் தரவில்லை. எனினும் அவர் தளரவில்லை. 1914இல் இங்கிலாந்து சென்றார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

விண்ணப்பிப்போர் அனைவரும் இராமானுசன் ஆதல் அரிது. முதல் விண்ணப்பமே பயன் தரும் என்பதும் உறுதியன்று. எனினும், கழிந்த நாள்களில் செய்ததை உள்ளவாறு எடுத்துரைத்தல் எவர்க்கும் இயலும். அவ்வாறு எழுத விரும்பும் மாணவர், எழுதத்தக்க செயல் ஒன்றை இன்றே தொடங்குதல் நலம்.