மாவுக் கணக்கும் காணாமல் போன மாட்யூலும்

வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்து, அது கம்ப்யூட்டர் சயின்ஸும் எடுத்திருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மற்றவர்கள் கதைக்காகப் படிக்கலாம். என்னைப் போல் பொட்டி தட்டும் சக ஆணிபிடுங்கிகள் நடுவில் வரும் விளக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள், உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

சி.பி.எஸ்.இ. கணக்குப்படி இந்தப் பாடத்தில் தியரிக்கு 70, பிராக்டிகலுக்கு 30. அந்த முப்பதில் 8 மார்க் பிராஜெக்டுக்கு. பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதி, அதை மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸோடு இணைத்து, ஏதோ ஒரு கணக்கு வழக்கைப் போட்டுக் காட்டுவதுதான் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது. நல்ல ஏற்பாடு, குறையில்லை. ஆனால் தில்லிக் குளிரில் ஜனவரி பிறந்ததும் பல வீடுகளில் ஒரே ஒப்பாரிதான் கேட்கும். புரோகிராமின் முதல் வரியில் 'இம்போர்ட் மைஎஸ்க்யூஎல் டாட் கனெக்டர்' என்று இருக்கும். ஓட்டினால் சிவப்பு எழுத்தில் வந்து விழும்: 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்ட் மைஎஸ்க்யூஎல்.' அப்படி ஒரு மாட்யூலே கிடையாதாம்.

1991-ல் கைடோ வான் ராஸம் முதலில் வெளியிட்ட இந்த மொழிக்குப் பெயர் பாம்பிலிருந்து வரவில்லை, மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் காமெடிக் குழுவிலிருந்து வந்தது. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கும்போது மட்டும் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

2025 ஜனவரியில் எங்கள் பிளாக் மூன்றாவது மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். மயூர் விஹாரில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த வீட்டு அம்மா தினமும் இட்லி மாவு அரைத்து விற்கிறார். எங்கள் வீட்டுக்கும் அவர் மாவுதான் (தங்கமணி கிரைண்டரைத் துடைத்துப் பரணில் ஏற்றி மூன்று வருஷமாகிறது). கணக்கெல்லாம் ஒரு நீளமான நோட்டில். யாருக்கு எத்தனை கிலோ, யார் காசு தரவில்லை, யார் பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை, எல்லாம் தமிழில்.

மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து கூட்டித்தான் படிப்பாள். பள்ளியில் எல்லாரும் லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் என்று எடுக்க, இவள் மட்டும் அம்மாவின் மாவுக் கணக்கைத்தான் போடுவேன் என்று நின்றிருக்கிறாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, 'அம்மா, இது ள-வா ழ-வா' என்று கேட்டுக் கேட்டு, இரண்டு மாதக் கணக்கை டேபிளில் ஏற்றியிருக்கிறாள். இருநூறு வரிக்கு மேல் புரோகிராமும் எழுதியாகிவிட்டது. அதன் பிறகுதான் அந்த முதல் வரி வேலையைக் காட்டியது.

நாலு நாள். மாடிப்படியில் அவள் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு நாளா ஒரு லைன் தாண்டல சார். ஸ்கூல் பக்கத்துல கடையில ரெடிமேடா பிராஜெக்ட் தர்றான், பிரிண்ட், சி.டி., எல்லாம் சேத்து ஆயிரத்து ஐந்நூறு. வாங்கிக்கோன்னா அழறா. இவளுக்கு இதெல்லாம் வராது சார். பி.டெக் பேச்சை விட்டுட்டு பி.காம் போட்ரலாம்னு இருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. பி.காம் ஒன்றும் மட்டமில்லை, அதற்குச் சொல்லவில்லை. ஆனால் இம்போர்ட் எரர் என்பது பிள்ளையின் மூளைக்கு வைத்த பரீட்சையே அல்ல. அவள் எழுதிய லாஜிக்கை மெஷின் இன்னும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசற்கதவு திறக்கவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் சமையல் சரியில்லை என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்? அன்று சாயங்காலம் மேலே போனேன்.

"மாமா, பாருங்க. இன்ஸ்டால் பண்ணா ஏற்கெனவே இருக்குன்னு சொல்லுது. ஓட்டினா இல்லைன்னு சொல்லுது. யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க." கண் சிவந்திருந்தது. நாலு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை இன்ஸ்டால் செய்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் 'ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்' என்றே பதில்.

இங்கே கொஞ்சம் விளக்கம். மாட்யூல் என்பது வேறு யாரோ எழுதி வைத்த புரோகிராம். இம்போர்ட் என்றால் அதை எடுத்துப் பயன்படுத்துவது. நாம் அரிசி ஊறப்போடாமல் மாடி வீட்டு மாவை வாங்கி இட்லி ஊற்றுகிறோமே, அதுதான். சில மாட்யூல்கள் பைத்தானோடு கூடவே வந்துவிடும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் உண்டு, ஆனால் அங்கே டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் வைத்திருக்கிறார்கள். அது பைத்தானோடு சேர்ந்தே வருவதால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் குடைச்சல் இல்லை. மைஎஸ்க்யூஎல் கனெக்டரைத் தனியாக 'பிப்' என்ற கருவி மூலம் இறக்க வேண்டும்.

இம்போர்ட் என்றதும் பைத்தான் உலகம் பூராவும் தேடாது. அதனிடம் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது, 'சிஸ் டாட் பாத்' என்று பெயர். முதலில் நம் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர், பிறகு பைத்தானின் சொந்த லைப்ரரி, அப்புறம் பிப் இறக்கி வைக்கும் 'சைட் பேக்கேஜஸ்' ஃபோல்டர். வரிசையாகத் தட்டிப் பார்க்கும். முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ அதோடு நின்றுவிடும். எங்கும் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று சொல்லும். அது சொல்லும் இல்லைக்கு 'நான் தட்டின வீடுகளில் இல்லை' என்று மட்டும்தான் பொருள். 3.6-க்கு முந்தைய பைத்தானில் இதற்கென்று தனிப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'இம்போர்ட்எரர்' என்று பொத்தாம் பொதுவாகத் திட்டும்.

"ரெண்டு பேரும் உண்மைதான்மா சொல்றாங்க. வேற வேற வீட்டு வாசல்ல நின்னு சொல்றாங்க" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஐடில் ஷெல்லைத் திறந்து இரண்டே வரி தட்டச் சொன்னேன். ஒன்று 'இம்போர்ட் சிஸ்'. அடுத்தது 'சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்'. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறது என்று அதன் வாயாலேயே சொல்லிவிடும். சொன்னது. பிறகு அவள் இன்ஸ்டால் செய்யும் கறுப்பு ஜன்னலில் அதே கேள்வியைக் கேட்டோம். அது வேறு முகவரியைச் சொன்னது.

விஷயம் இதுதான். அத்தை பையன் தீபாவளிக்கு வந்தபோது அவள் லேப்டாப்பில் அனகோண்டா என்ற பொதியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதற்குள்ளேயே ஒரு முழு பைத்தான் இருக்கிறது. பள்ளியில் சொன்னபடி அவள் போட்ட பைத்தான் இன்னொன்று. பிப் ஒவ்வொரு தடவையும் அனகோண்டா வீட்டில் மாவைக் கொண்டு வைத்திருக்கிறது. ஐடில் இந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து இல்லை என்கிறது. பத்து தடவை இன்ஸ்டால் செய்தாலும் மாவு அதே பழைய வீட்டுக்குத்தான் போகும்.

வைத்தியம் சுலபம். வெறும் 'பிப் இன்ஸ்டால்' என்று அடிக்காமல், எந்த பைத்தானுக்கு வேண்டுமோ அதன் முழு முகவரியை முதலில் கொடுத்து, அதன் பின்னால் '-எம் பிப் இன்ஸ்டால் மைஎஸ்க்யூஎல்-கனெக்டர்-பைத்தான்' என்று அடிக்க வேண்டும். அப்போது அந்த பைத்தானின் பிப்தான் வேலை செய்யும். கடைசியில் இருக்கும் 'பைத்தான்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத பெயரில் ஒரு பழைய பொதியும் இருக்கிறது. அதைப் போட்டால் இம்போர்ட் ஆகும், ஆனால் 2018-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0-இன் புதுப் பாஸ்வேர்ட் முறை அதற்குத் தெரியாது, அடுத்த படியில் மாட்டிக்கொள்வீர்கள். போடும் பெயரும் கூப்பிடும் பெயரும் ஒன்றாக இருக்காது என்பது பிள்ளைகளைக் குழப்பும் இன்னொரு விஷயம். பில்லோ என்று இன்ஸ்டால் செய்து பி.ஐ.எல். என்று கூப்பிட வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் இருக்கிறதே, அது மாதிரி.

இறக்கினோம். ஐடில் ஷெல்லில் இம்போர்ட் வரி சத்தமில்லாமல் போய்விட்டது. பைத்தானில் சத்தமில்லை என்றால் வெற்றி. அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆயிடுச்சாண்ணா?" என்றார். பிராஜெக்டை ஓட்டினால், மறுபடியும் சிவப்பு.

"அதே எரர்தான் மாமா." லேப்டாப்பை மூடப் போனாள். அப்பா ஹாலிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை, டி.வி. சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"கடைசி வரை சத்தமா படி" என்றேன். படித்தாள். 'நோ மாட்யூல் நேம்ட் மைஎஸ்க்யூஎல் டாட் கனெக்டர்' என்று வந்து, அரைப்புள்ளி போட்டு, 'மைஎஸ்க்யூஎல் இஸ் நாட் எ பேக்கேஜ்' என்று முடிந்தது. ஷெல்லில் வந்த எரரில் இந்த வால் கிடையாது. மைஎஸ்க்யூஎல் என்ற பெயரில் ஏதோ கிடைத்திருக்கிறது, ஆனால் அதற்குள் கனெக்டர் இல்லை என்கிறது வால்.

எங்கள் ஏரியாவில் பாக்கெட் நம்பர் போடாமல் 14-ஆம் நம்பர் வீடு என்று மட்டும் எழுதினால் கூரியர்காரர் முதலில் கண்ணில் படும் 14-இல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இங்கேயும் அதே கதை. பிராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தோம். உள்ளே 'மைஎஸ்க்யூஎல் டாட் பை' என்று ஒரு குட்டி ஃபைல் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் நாள் இரவு, கனெக்‌ஷன் வருகிறதா என்று சோதிக்க அவளே எழுதி அந்தப் பெயரில் சேமித்தது. பட்டியலில் முதல் வீடு நம் ஃபோல்டர்தானே, பைத்தான் அங்கேயே நின்றுவிட்டது, உண்மையான மாட்யூல் இருக்கும் வீட்டுக்குப் போகவே இல்லை. 'ரேண்டம் டாட் பை', 'டர்ட்டில் டாட் பை' என்று பாடத்தின் பெயரையே ஃபைலுக்கு வைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நடக்கும். 2024 அக்டோபரில் வந்த 3.13-இலிருந்து, பைத்தானின் சொந்த மாட்யூல் பெயரை நம் ஃபைலுக்கு வைத்து மாட்டிக்கொண்டால் 'பெயரை மாற்றிப் பாருங்கள்' என்று அதுவே யோசனை சொல்கிறது. அவளுடையது 3.11.

ஃபைலின் பெயரை 'சோதனை1' என்று ஆங்கில எழுத்தில் மாற்றினாள். (பைத்தான் 2 காலத்தில் இதோடு அதன் நிழலாக இருக்கும் பி.ஒய்.சி. ஃபைலையும் அழிக்க வேண்டியிருக்கும். அது 2020-லேயே ஓய்வு பெற்றுவிட்டது, நிம்மதி.) ஓட்டினாள்.

மெனு வந்தது. 1. இன்றைய மாவு. 2. பாக்கி. 3. திரும்பாத பாத்திரம். பெயர்கள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே வந்தன. 'பி-14 பஞ்சாபி மாமி, 2 கிலோ.' அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, திரையில் தன் நோட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்பா எழுந்து வந்து, பாக்கிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். என் பேரும் அதில் இருந்தது, 120 ரூபாய். தங்கமணியைத்தான் கேட்க வேண்டும்.

பாடப் புத்தகங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இம்போர்ட் என்ற வரியை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அது எங்கே தேடும், எந்த வரிசையில் தேடும் என்று அரைப் பக்கம் சொன்னால் போதும். சொல்லாததால், நாலு நாள் அழுத பிறகு கடைக்காரருக்கு ஆயிரத்து ஐந்நூறு போகிறது. கூடவே, 'எனக்கு வராது' என்று ஒரு பிள்ளை முடிவுக்கு வருகிறது. பிள்ளை சொல்லாவிட்டால் வீட்டில் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் ஒரு இந்திக்காரர். அவருக்குத் தமிழ் எழுத்து புரியவில்லை. 'க.பா.' என்று ஒரு காலம் இருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டிருக்கிறார். கடன் பாக்கிக்கு அம்மா நோட்டில் போடும் சுருக்கம், அப்படியே வைத்திருக்கிறாள். விளக்கியிருக்கிறாள். எந்தப் பாக்கெட்டில் மாவு கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, நொய்டாவுக்கு அனுப்புவீர்களா என்றும் கேட்டாராம். மார்க் விவரம் அந்த வீட்டுச் சமாச்சாரம், நான் எழுதப் போவதில்லை. பி.டெக் கவுன்சலிங்குக்கு அப்பாவேதான் லீவு போட்டுக் கூட்டிப் போனார்.

புரோகிராம் இன்னும் ஓடுகிறது. அம்மா நோட்டையும் விடவில்லை. மாசக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டால் எப்போதும் 40 ரூபாய் இடிக்கிறதாம். யார் கணக்கு சரி என்று மூன்றாவது மாடியில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.